வேன் ஓட்டி வந்தவன்

2003 ஓகஸ்ட் 12, நிலாவெளி

செல்வத்தை என் தம்பி என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை?

அவன் யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுகிறான். சண்டை நின்று பாதை திறந்துவிட்டது என்று கூட்டாளியின் வேனைக் கேட்டு வாங்கி, எனக்காகவே, என்னையும் ஏற்றிக்கொண்டு இவ்வளவு தூரம் ஓட்டி வந்தான். இன்று கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில், சூடு பார்த்து எனக்கு வாளியில் தண்ணீர் மொண்டு தந்துகொண்டிருந்தபோது கலா வந்துவிட்டாள். இந்தப் பக்கத்துக்காரி, பேராதனையில் என்னோடு படித்தவள். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிள்ளை என்று காட்டிக்கொள்ளாமல், என் ஊர் கொழும்பு என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

“இவர் ஆர்?” என்று கேட்டாள்.

“டிரைவர்” என்றேன்.

அவனுக்குக் கேட்டது. பொழுது சாய்ந்ததும் கடற்கரையில் கூடாரம் அடித்துவிட்டு, “மேடம், டென்ட் ரெடிங்க” என்றான். என்னை அக்கா என்றே கூப்பிடுபவன். இப்போது வேனில் படுத்திருக்கிறான். காலையில் கலா சாப்பாடு கொண்டுவருவாள். அப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

13

கலா பிட்டோடு வந்தாள். செல்வத்துக்கும் ஒரு பொட்டலம் கொடுத்து, “எத்தினை வருசமா இவவிட்ட வேலை செய்யிறீர்?” என்று கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் என் பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கினேன்.

“பொறந்ததிலருந்துங்க” என்றான்.

கலா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.