தோசைக்குத் தப்பிய ரோசா

அன்புத் தோழிக்கு,

இன்று காலை பல்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மணம் வந்தது. முதலில் கையில் இருந்த இவருடைய சேட்டைத்தான் சந்தேகப்பட்டேன். துவைக்கும்போது வாசனைத் திரவத்தை அளவில்லாமல் ஊற்றுவது என் கணவரின் பழக்கம் என்பது உமக்குத் தெரிந்ததுதான். சேட்டை மூக்கில் வைத்துப் பார்த்தேன். அது வேறு மணம். மழை விட்டு இளவெயில் வந்திருந்தது. மூலையில் உம்முடைய பூச்சாடி. குனிய மனம் வந்தும் வராமலும் கொஞ்ச நேரம் கையில் ஈரச் சேட்டோடு நின்றேன்.

நீர் எங்களை விட்டுப் போன பிறகு வரும் முதல் கோடை இது. மணக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டால் என் மூக்கும் ஆசைப்பட்டுவிடும். இதை எனக்குச் சொல்லித் தந்தவரே நீர்தான்.

எசன் நகரில் அந்த முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாம் சேர்ந்து வேலை செய்த நாட்களில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு உமக்கு மணம் தெரியாமல் போனது. பால் அடிப்பிடித்து எனக்குக் கண் எரிகிறது, நீர் பாட்டுக்குக் கிண்டிக்கொண்டு நிற்கிறீர். போன மணம் திரும்பி வரும் என்றார் மருத்துவர். வரவேயில்லை. வேறு ஆட்களென்றால் மணத்தைப் பற்றிய பேச்சையே விட்டிருப்பார்கள். உமக்கு அதற்குப் பிறகுதான் மணக்கும் ரோசா வேண்டும் என்ற பிடிவாதம் வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு மாலை கட்டுவது உம்முடைய பொறுப்பு. மொத்தக் கடையில் வாங்கும் ரோசாக்கள் பெரியவை. நூலில் நிற்காமல் தலையைத் தொங்கப்போட்டுவிடும். சுப்பர்மார்க்கெட்டில் சாடியோடு விற்கும் குட்டி ரோசா பொத்தான் அளவு, கோர்ப்பதற்கு அளவாக இருக்கும். இரண்டிலும் மணம் என்பது மருந்துக்கும் இல்லை. நாம் வேலை செய்த இடத்தின் பின்வேலியிலோ பழைய ரோசாச் செடி ஒன்று, பூத்தால் குப்பைத்தொட்டி வரைக்கும் மணக்கும்.

"இந்தக் குட்டியையும் அந்தக் கிழவியையும் சேர்த்துவிட்டால் என்ன?" என்று ஒருநாள் கேட்டீர்.

"உமக்குத்தான் மணக்காதே" என்றேன், யோசிக்காமல்.

"எனக்கு மணக்காட்டி என்ன, கும்பிட வாற சனத்துக்கு மணக்கும்தானே. மூக்குக்கு நீர் இருக்கிறீர்."

அப்படித்தான் தொடங்கியது. குட்டி ரோசா விரிவதற்கு முன்பே இதழ்களைப் பிய்த்து, தன் மகரந்தம் தன்மேலேயே விழாதபடி மகரந்தப் பைகளைப் புருவம் எடுக்கும் சாமணத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தீர். வேலியில் இருந்து கொண்டுவந்த மகரந்தத்தைக் கண் மை பூசும் தூரிகையால் தடவினீர். தேனீ வந்து குழப்பாமல் இருக்க, தேயிலை போடும் கடதாசிப் பையை மேலே கவிழ்த்து நூலால் கட்டினோம். செடிக்குத் தேத்தண்ணி கொடுக்கிறீர்களா என்று மேல்வீட்டு ஜேர்மன் அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டார். இலையுதிர் காலத்தில் காய்கள் செம்மஞ்சளாகப் பழுத்தன.

விதைகளை என் வீட்டில்தான் ஊறப்போட்டோம். மிதப்பவை பதர், மூழ்குபவை நல்லவை என்று யாரோ சொன்னதை நம்பி, மிதந்தவற்றை வழித்து ஒரு தட்டில் ஒதுக்கினோம். மூழ்கியவை கோப்பைக்குள் இருந்தன. அவற்றை ஈரத்துணியில் சுற்றிப் பிரிட்ஜுக்குள் வைத்து, குளிர்காலம் வந்துவிட்டது என்று நம்பவைத்தால்தான் முளைக்கும். ஆனால் சனிக்கிழமை தோசைக்கு அரைப்பது இவருடைய வேலை. உளுந்துக்குப் பக்கத்தில் ஒரு கோப்பையில் மண்ணிறமாக ஏதோ ஊறினால் எங்கள் வீட்டு ஆம்பிளைக்கு அது வெந்தயம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்துவிட்டார். "உளுந்தில கல்லு கிடந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே மூன்று தோசை சாப்பிட்டார்.

உமக்குப் போன் எடுத்துச் சொன்னேன். நீர் அழுவீர் என்று நினைத்தேன். நீரோ மூச்சு வாங்கும்வரை சிரித்தீர்.

"இண்டைக்கு உம்மட மனுசன் மணக்கிறாரோ எண்டு கவனமாப் பாரும்" என்றீர். பிறகு, "தட்டில மிதந்தது கிடக்குதெல்லோ? எறிஞ்சுபோடாதையும்."

"அது பதரெல்லோ?"

"பதரோ எண்டு ஆர் அதுகளைக் கேட்டது? போட்டுப் பார்ப்பம்."

போட்டோம். பிரிட்ஜில் தூங்கி எழுந்து என் பல்கனிச் சாடிகளில் சில முளைத்தன. ஒரே காய்களுக்குள் இருந்து வந்தவை, ஒன்றின் முகம் மற்றதில் இல்லை. ஒன்று கொடியாக ஓடப் பார்த்தது, ஒன்று முழுக்க முள், இரண்டு இலையில் கரும்புள்ளி விழுந்து செத்தன. மூலையில் நின்றது மட்டும் ஒரு சாண் உயரத்தோடு நிறுத்திக்கொண்டது. முள் அங்கொன்றும் இங்கொன்றும். முதல் பூவுக்கு ஐந்தே இதழ். அடுத்த ஆண்டு அதே செடி கைநிறைய இதழோடு பூத்தது, உள்ளே மஞ்சள், ஓரத்தில் இளஞ்சிவப்பு. பனியிலும் வெளியே விட்டீர். சாகவில்லை. தோசைக்குத் தப்பியது என்றே அதற்குப் பேர் வைத்தோம். உண்மையான பேர் மணம் வந்த பிறகுதான் என்றீர்.

அந்த மணம்தான் வரவில்லை. என் சொல்லை நீர் சும்மா ஏற்றுக்கொள்ளவும் இல்லை. உம்முடைய சால்வையால் என் கண்ணைக் கட்டிவிட்டு, சாடிகளை மாற்றி மாற்றி மூக்கடியில் பிடிப்பீர். நடுவில் கடை ரோசாவையும் நுழைப்பீர். "என்னைச் சந்தோசப்படுத்தச் சொல்லாதையும்" என்பீர் ஒவ்வொரு தடவையும். இல்லை, இல்லை, இல்லை என்றுதான் நானும் சொன்னேன். இரண்டு கோடை அப்படியே போனது. இனி எறிந்துவிட்டு வேறு சோடி சேர்ப்போம் என்றேன், சலித்துப்போய்.

"குமர்ப்பிள்ளை மாதிரி. இன்னும் முத்தேல்லை. பார்ப்பம்" என்றீர்.

வைத்தியசாலையில் கடைசியாகக் கண்டபோதும் உம்முடைய நோயைப் பற்றிப் பேசவில்லை. "அரும்பு வைச்சிட்டுதோ?" என்றுதான் கேட்டீர். வெளியே இன்னும் குளிர் விட்டிருக்கவில்லை. இல்லை, இன்னும் காலம் இருக்கு என்றேன். நீர் எவ்வளவு காலம் இருப்பீர் என்று அப்போது இருவருக்குமே தெரிந்திருந்தது. மணக்குமா என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் உம்மை அனுப்பியதுதான் இத்தனை மாதமாக என்னைத் தின்றது.

அதனால் இன்று நான் குனியவில்லை. இவரைக் கூப்பிட்டேன். உள்ளே போய், நீர் இங்கேயே விட்டுப்போன சால்வையை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

"இஞ்சாரும், உமக்கு விசரே?" என்றார். விசயத்தைச் சொன்னதும் பல்கனிக்குப் போனார்.

முதலில் மூக்கடியில் வந்ததில் ஒன்றுமில்லை. அடுத்தது கறிவேப்பிலை, அது அவருடைய குறும்பு. மூன்றாவது வந்ததும், "இது" என்றேன். பிறகும் இரண்டு தடவை ஏதோ வந்தது, இல்லை என்றேன். இன்னொரு தடவை வந்தது. "இதுதான், திரும்பவும்" என்றேன். அவர் மூச்சை இழுப்பது கேட்டது.

"ஓம், ரெண்டு முறையும் இதுதான். மணக்குது" என்றார். "இதின்ர சகோதரங்களை நான் திண்டுபோட்டன் எண்டு நினைக்கப் பாவமாக் கிடக்கு."

சிரித்தேன். சால்வைக்குள்ளேயே அழுதும்விட்டேன்.

எப்படி மணக்கிறது என்று கேட்பீர். உம் மூக்கு நன்றாக இருந்த காலத்து மணங்களால்தான் சொல்ல வேண்டும். சமையலறையில் தேயிலைப் பேணியின் மூடியைத் திறந்ததும் முதலில் வருமே, அது. அதற்குப் பின்னால், தேசிக்காய்த் தோலை நகத்தால் கீறினால் வருவது கொஞ்சம். மத்தியானம் வெயில் ஏறியதும் குறைந்துவிட்டது. செடி முத்தியதாலா, மழையாலா, இந்த வெயிலாலா என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு மழை இல்லாத நேரம் ஒருதரம் மணந்து பார்க்க வேண்டும், பிறகு பின்னேரத்திலும். விதை போட்டால் வேறு ஆள்தான் வரும் என்பதால், இதே ஆள் வேண்டுமென்று இரண்டு தண்டு வெட்டி நட்டுவிட்டேன். மாலைக்குப் போதுமான பூ வர இன்னும் சில ஆண்டு எடுக்கும். வருகிற வெள்ளிக்கிழமை, கடைப் பூக்களுக்கு நடுவில் இதில் ஒன்றைக் கோர்த்துவிட்டு, கும்பிட வருகிற சனத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறேன்.

கண்ணைக் கட்டித்தான் பார்த்தேன். உம்மைச் சந்தோசப்படுத்தச் சொல்லவில்லை. மணக்கிறது.