காலி பாக்கெட்டுக்கு ஒரு காளை

மலைக் கல்லூரி,
ஜனவரி 8

அன்புள்ள அசாபெயாவுக்கு,

நலம். நீயும் உன் அம்மாவும் நலமென்று நம்புகிறேன். தாளைத் திருப்பிப் பார்க்காதே. பின்பக்கம் போன வருட விடைத்தாள். பசுமை வளாகக் குழுவின் செயலாளன் புதுத்தாளில் காதல் செய்யக் கூடாதென்று எனக்கு நானே விதித்திருக்கிறேன்.

இங்கே தண்ணீர் பாக்கெட்டைக் கடித்து உறிஞ்சிவிட்டு, நின்ற இடத்திலேயே போடுகிறார்கள். பேராசிரியர்களும்தான். நேற்று விடுதிச் சாக்கடையில் கம்பை விட்டுப் பார்த்தேன். பாக்கெட்டுகள் பாய்போல எழும்பி வந்தன. அடியில் புழு, மேலே முந்தாநாள் மீன்குழம்பு. இரவு ஃபூஃபூ உருண்டையைத் தொடாமல் தட்டைத் தள்ளிவைத்தேன்.

ஆகவே ஒரு போட்டி வைத்திருக்கிறோம். அதிக எடைக்குக் காலி பாக்கெட் சேர்க்கும் விடுதிக்கு ஒரு காளை. அழுக்கானதை எடுக்க மாட்டோம். அவற்றை வாங்கிப் பை தைப்பவர்கள் சுத்தமானதைத்தான் கேட்கிறார்கள். முதல்வர் என் தோளைத் தட்டி, "இது மட்டும் ஜெயிச்சுதுன்னா, மாமரத்து ஆசிரியர் வீடு உனக்குத்தான் ஒஃபோசு" என்றார். வீடில்லாதவனுக்குப் பெண் இல்லை என்று உன் தாய்மாமன் சொன்னாரே! இனி என் மாமன்மார் பெண் கேட்டு உங்கள் கதவைத் தட்டலாம்.

உன்,
க்வாஜோ ஒஃபோசு


அடிவாரப் பிரசவ நிலையம்,
ஜனவரி 27

அன்புள்ள க்வாஜோ,

திருப்பிப் பார்த்தேன். உன் கடிதத்தைவிடப் பின்பக்கம் சுவையாக இருந்தது. மண்ணரிப்பைத் தடுக்கும் வழி தெரியாத பிள்ளை ஒரு ஜெபம் எழுதி வைத்திருக்கிறான். மதிப்பெண் போட்டாயா?

புழுதிக்காற்று வந்துவிட்டது. குழாய் செத்துப்போய், கிணற்றில் சேறுதான் மிச்சம். பிரசவ அறைக்கு பாக்கெட் தண்ணீரை நம்பியிருக்கிறோம். அதுவும் கடையில் கிடைப்பதில்லை. கடைக்கார மான்சா சொல்கிறாள்: "மேல படிக்கிற பசங்க வண்டியோட வந்து மூட்டை மூட்டையா அள்ளிட்டுப் போறாங்க சிஸ்டர். படிக்கப் படிக்கத் தாகம் ஜாஸ்தியாகுமோ என்னவோ!"

அவ்வளவு தாகமா உங்கள் பிள்ளைகளுக்கு? விசாரித்து எழுது. அம்மா உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

உன்,
அசாபெயா


மலைக் கல்லூரி,
பிப்ரவரி 10

அன்புள்ள அசாபெயாவுக்கு,

விசாரித்தேன். சிறுத்தை விடுதிக்குப் பின்னால் போனேன். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து புதுப் பாக்கெட்டை வெட்டி, தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, உறையைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். சாக்கடையில் பழைய பாக்கெட்டுகள் அப்படியே கிடக்கின்றன. அழுக்கை யார் தொடுவார்கள்? இப்போது அவற்றின்மேல் நல்ல தண்ணீர் தேங்கிக் கொசு பெருகியிருக்கிறது.

விடுதித் தலைவனைப் பிடித்துக் கேட்டேன். "குடிச்சே தீர்க்கணும்னா எத்தனை வயிறு சார் வேணும்? கழுகு விடுதிக்காரன் காளையை அறுத்துத் திம்பான், நாங்க எலும்பை மோந்து பாக்கணுமா?" என்கிறான்.

விதிமுறையை எடுத்துப் படித்தேன். பாக்கெட் காலியாக இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. எழுதியவன் நான். முதல்வருக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை. எடை ஏறுகிறது, நன்கொடையாளர்கள் வருகிறார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள். மாமரத்தில் பூ வைத்திருக்கிறது.

உன்,
க்வாஜோ


அடிவாரப் பிரசவ நிலையம்,
பிப்ரவரி 13

க்வாஜோ,

நேற்று ஒரு பிரசவம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். எங்கள் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல. கிணற்றுச் சேற்றைத் துணியில் வடிகட்டி, காய்ச்சி, அதில் கை கழுவினேன். அந்த நாற்றம் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. இரண்டு முறை சோப்பு போட்ட பிறகு உன் கடிதத்தைப் பிரித்தேன். நாற்றம் எதிலிருந்து வருகிறதென்று பிறகு என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

போட்டியை நிறுத்து. உன் மாமன்மார் வருவதற்கு முன்னால் நிறுத்து. நிறுத்தினால் வீடே இல்லாமல் அந்த மாமரத்தடியில் உன்னோடு குடித்தனம் செய்வேன். என் மாமனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அசாபெயா


மலைக் கல்லூரி,
பிப்ரவரி 17

என் அசாபெயாவுக்கு,

வெள்ளிக்கிழமை பரிசளிப்பு விழா. அது முடிந்த மறுநாளே நிறுத்திவிடுகிறேன், சத்தியம். இப்போது நிறுத்தினால் வீடு போகும். வீடு போனால் நீ போவாய். எல்லாம் உனக்காகத்தானே? மாமன்மார் சனிக்கிழமை பெண் கேட்கும் சீராக ஜின் பாட்டிலும் புதுத்துணியுமாக வருகிறார்கள். நல்லபடியாக வரவேற்கச் சொல். முதல்வர் முன்கூட்டியே தந்த வீட்டுச் சாவி இதனுடன் வருகிறது.

உன்,
க்வாஜோ


அடிவாரப் பிரசவ நிலையம்,
பிப்ரவரி 22

மதிப்பிற்குரிய பசுமை வளாகக் குழுச் செயலாளர் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை விழாவுக்கு நானும் வந்திருந்தேன். பின்வரிசையில் நின்று கைதட்டினேன். காளைக்கு ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தீர்கள். ஒருவராவது குடித்தது பற்றி மகிழ்ச்சி. திரும்பும் வழியில் சிறுத்தை விடுதிக் கொடியிலிருந்து மூன்று பாக்கெட்டுகளை எடுத்துவந்தேன்.

சனிக்கிழமை உங்கள் மாமன்மார் மூவரும் தலையெல்லாம் புழுதியாக வந்து உட்கார்ந்தார்கள். வந்தவருக்கு முதலில் தண்ணீர். குடித்த பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்பது. உங்களுக்குத் தெரியாத வழக்கமல்ல. தட்டை நானே கொண்டுபோனேன். ஆளுக்கொரு பாக்கெட்: சுத்தமானது, நன்றாகக் காய்ந்தது, உங்கள் குழு மறுக்க முடியாதது.

பெரியவர் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "என்னம்மா இது? தண்ணி எங்க?"

"மேல சாக்கடையில ஓடுது மாமா. உங்க மருமகன்தான் காலி பண்ணினதுக்குக் காளை குடுத்தாரு."

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். யாரும் குடிக்காததால் என் தாய்மாமன் காரியத்தைக் கேட்கவில்லை. அவர் கேட்காததால் அவர்களால் சொல்ல முடியவில்லை. ஜின் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். கேட்கப்படாத பெண்ணை மறுக்க வேண்டிய சங்கடம் எங்கள் வீட்டுக்கு நேரவில்லை.

தெருமுனையில் மான்சா பாவம் பார்த்து ஒரு சொம்பு நீட்டினாளாம். கிணற்றுத் தண்ணீர். மோந்து பார்த்துவிட்டு, மூவருமே வேண்டாமென்றார்களாம்.

சாவியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தத் தாளின் பின்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை; தாங்கள் மறுபடி பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அசாபெயா,
செவிலி