டயலில் ஒரு பொட்டு

கலைப்பிரியா அப்பாவுக்கு,

போனைச் சார்ஜில் விட்டுவிட்டு ஏரிக்கரைக் கொல்லைக்குப் போய்விட்டீர்கள். அதனால்தான் இந்தச் சீட்டு. கேப்பைக் கூழ் கரைத்து மூடி வைத்திருக்கிறேன். பக்கத்துக் கிண்ணத்தில் மல்லாட்டைத் துவையல்.

நான் திண்டிவனம் போகிறேன், உங்கள் அப்பாவின் பழைய வாட்சை வாங்கிவர. புதுக் கண்ணாடி போட்டாயிற்று என்று ரிப்பேர்க் கடை ஆரோக்கியராஜ் உங்கள் போனுக்குக் கூப்பிட்டார், நான்தான் எடுத்தேன். டயலில் இருக்கும் குங்குமக் கறையை எடுக்கச் சொல்லுங்கள் என்று நேற்று நான் சொன்னதற்கு, "பழசுல கை வெச்சா மதிப்பு போயிடும், உனக்கு இன்னா தெரியும்?" என்று கத்தினீர்களே, அதை அவரிடமே கேட்டேன்.

"புது டயல் போட்டா வெலை கொறையும்க்கா, அது நெஜம். கறையை மட்டும் பக்குவமா எடுத்தா ஏறத்தான் செய்யும். அண்ணன்தான் கேக்கல. 'கல்யாணமான வருசம் ஆயுத பூசைக்கு எம் பொண்டாட்டி வெச்ச பொட்டு அது, தொட்டீன்னா பேஜாராயிடும்'னு மெரட்டிக்கினு போனாரு" என்கிறார்.

கண்ணாடி உடைந்திருப்பதைக்கூடப் பார்க்காமல் பொட்டு வைத்துவிட்டேன் என்று அன்று முழுக்க என்னைத் திட்டிய ஆளா இது! இருபத்திரண்டு வருடமாக அந்தக் கறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கம். இன்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போகப்போகிறேன்.

வெளியே போனால் சாவியை மீட்டர் பெட்டி மேல் வையுங்கள். சண்டை முடிந்தது. ஜெயித்தது நான்தான்.

இளவரசி

மறந்துவிட்டேன்: நாளைக்கு ஆயுத பூசை. வாட்சையும் படைப்பில் வைப்பேன். இப்போது கண்ணாடி இருக்கிறது. பொட்டை நீங்களே வையுங்கள்.