ஸ்டெல்லா பாடிய சுதி

5.12.81 சனி

மலையிலிருந்து பனி இறங்கிக் கிணறே தெரியவில்லை. கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகை ஆரம்பம். பெண்கள் ஒன்பது பேர், என் வயலின், தபேலா, ஆலங்காயம் பேண்டு செட்டிலிருந்து கிளாரினெட் சவரிமுத்து. ஆர்மோனியப் பெட்டியை எலி தின்றுவிட்டது. இத்தனை வருஷமும் அது கொடுத்த சுதிக்குத்தான் எல்லாரும் சேர்ந்தோம். இனி எதற்குச் சேர்வது?

சவரிமுத்து: "இன்னா சார் யோசன? கிளாரினெட்ட எறக்க முடியாது. நீங்க தந்திய முறுக்கிக்கினா ஆச்சு. பழைய பொட்டியும் இதே சுதிதான்."

இல்லை, பழைய சுதி தாழ்வு என்றேன். என் பெண்டாட்டி பாடிய சுதி எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷம் பக்கத்தில் நின்று வாசித்தவன். கத்திவிட்டேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் யார் வாய் கொடுப்பார்கள்.

வாங்க: தந்தி 1, சீயக்காய், மண்ணெண்ணெய்.

6.12 ஞாயிறு

பூசை முடிந்து வந்து டேப் ரிக்கார்டரின் பேட்டரிக் கட்டைகளை வெயிலில் வைத்தேன். காய்ந்தால் ஒரு பாட்டுக்குத் தாங்கும். வாரம் ஒரே பாட்டு. புதுசு வாங்கலாம்தான். ஆனால் இவை ஸ்டெல்லா தன் கையால் போட்டவை, பாடிப் பதிந்த அன்றைக்கு. எடுக்க மனசு வரவில்லை.

அவளோடு சேர்ந்து வாசித்தேன். தந்தியைப் போன மாதத்தைவிட இன்னும் இறக்க வேண்டியிருந்தது. பனிக்கு ஏறிப்போகிறதோ என்னவோ.

பாட்டு முடிந்ததும் அவள் பேச்சு. "போதும் வுடுங்க. மூச்சு வாங்குது." என்ன சலிப்பு! அப்புறம் ஒரு நீளப் பெருமூச்சு. நெஞ்சு நோவுக்காரியை ஒரே பாட்டை மூன்று தடவை பாட வைத்த பாவி நான். பாடிப் பதிந்த நாலாம் மாதம் போய்விட்டாள். வாரா வாரம் கேட்கிறேன். எனக்கு வேண்டியதுதான்.

9.12 புதன்

என் சுதிக்கே ஒத்திகை. சவரிமுத்து கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பெண்களுக்குக் கீழே குரல் போகவில்லை. ரோசி பக்கத்துப் பெண்ணிடம்: "இன்னாடி இது, பொறந்ததுக்குப் பாட்டா, செத்ததுக்கா?" காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

பங்குச் சாமியார் முடிவு: ஞாயிறு டேப்பைக் கொண்டுவாங்க, அதில் எதுவோ அதுவே சுதி. சரி. வாயை அடைக்கிறேன் எல்லாருக்கும்.

12.12 சனி

மகள் அமலா ஜமுனாமரத்தூரிலிருந்து மத்தியான பஸ்ஸில் வந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் லீவு. கொஞ்சம் புளி, ஒரு பாட்டில் தேன்.

"நாளைக்கு எல்லாரு முன்னாடியும் டேப்பு நின்னுடப் போவுதுப்பா. புதுக் கட்ட போட்டுட்டேன்."

பழசு எங்கே?

"குப்பையில போட்டேன். ஏம்பா?"

பெற்ற பெண்ணை இப்படித் திட்டியதில்லை. அழுதாள். குப்பையைக் கிளறி நான்கையும் எடுத்துக் கழுவி வைத்தேன்.

13.12 ஞாயிறு

பூசைக்குப் பிறகு கோயிலில் டேப்பைப் போட்டேன்.

யாருடைய குரல் இது? உயரத்தில், துள்ளிக்கொண்டு. கேசட் மாறிவிட்டதா என்று எடுத்துப் பார்த்தேன். அவள் கையெழுத்துத்தான். மறுபடி போட்டேன். சவரிமுத்து மெதுவாக ஒரு சுரம் ஊதினார். அப்படியே ஒட்டியது. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நல்ல மனுஷன்.

கட்டை தீரத் தீர டேப் மெதுவாகி, அவள் குரல் இறங்கியிருக்கிறது. நானும் தந்தியை இறக்கி இறக்கிப் பின்னாலேயே போயிருக்கிறேன். அவள் குரல் எனக்கு மறந்துபோயிருக்கிறது. மறந்ததுகூடத் தெரியாமல் ஊரோடு சண்டை.

நிறுத்தப் போனேன். அமலா கையைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்தது.

"போதும் வுடுங்க. மூச்சு வாங்குது."

சலிப்பே இல்லை. சிரித்துக்கொண்டு சொல்கிறாள். அந்தப் பெருமூச்சும் சிரிப்புத்தான்.

ரோசி: "அக்கா எப்டி சிரிக்குது பாரு!"

வாய்விட்டு அழுதேன், அத்தனை பேர் முன்னாலும். சவரிமுத்து இன்னொரு தடவை சுரம் கொடுத்தார். தந்தியை ஏற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும் அமலா, "இன்னொரு வாட்டி போடட்டுமாப்பா?"

வேண்டாம், கட்டை தீர்ந்துடும் என்றேன்.