பின்னே ஊற்றிய நீர்

அசலூயே எரிவாயு ஆலை

வணக்கத்திற்குரிய அம்மா,

நலமாகவே இருக்கிறேன். தங்கள் முழங்கால் வலி தணிந்ததா?

தப்ரீசிலிருந்து இங்கு வந்த வானூர்தி மலையில் மோதியதை அறிவீர்கள். விடுமுறை முடிந்து திரும்பிய என் அறைத்தோழன் கியூமர்ஸும் அதில் மாண்டான். உயரங்காட்டும் கருவி பழுதென்று விமானிகள் மும்முறை எழுதிக் கொடுத்திருந்தனராம். நேற்று மாண்டோரின் உறவினரைக் கூட்டிய வானூர்தி நிறுவன அலுவலரோ, “எல்லாம் இறைவன் எழுதினது” என்றார். கியூமர்ஸின் தாய் எழுந்தார்.

“ஏன்யா, எம்புள்ள நல்லபடியா திரும்பணும்னு வாசல்ல அவன் பின்னால தண்ணி ஊத்தி அனுப்பினேன். என் வேலைய நான் செஞ்சேன். உன் வேலைய எவன் செஞ்சான்? விமானி எழுதின தாளு மேல டீக்கோப்பைய வச்சிருந்தியா?”

மண்டபம் கொதித்தது. நானும் நாற்காலி மீதேறி, “கொலையைச் செய்துவிட்டுக் கடவுள்மேல் பழி போடாதே!” என்று முழங்கினேன். அஞ்சற்க; தொண்டைதான் கட்டியிருக்கிறது.

புத்தாண்டுக்கு ஆலை தந்த வானூர்திச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பேருந்தில் வருவேன். தாங்கள் உலர்த்திய புதினா கொஞ்சம் அனுப்புங்கள். முன்போல் நிறைய வேண்டா. தேநீர் இனி ஒருவனுக்கே.

பணிச்சங்கு ஒலிக்கிறது. அடுத்தமுறை நான் புறப்படும்போதும் தண்ணீர் ஊற்றுங்கள், அம்மா. அதற்குமுன், ஊர்தியைச் சோதித்தவன் பெயரைக் கேளுங்கள்.

தங்கள் மகன்,
ஃபரிபோர்ஸ்