ஆணியில் தொங்கும் காதுமூடி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மா சொல்லச் சொல்ல எழுதிக் கை பழகிவிட்டதால் இதையும் அப்படியே ஆரம்பிக்கிறேன். ஆனால் இன்று அம்மா சொல்லவில்லை, தூங்குகிறாள். அப்பா அச்சகத்தில் இரவு வேலையில் இருக்கிறார். நான் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், பேனா கீறுவதுகூட இந்த வீட்டில் பெரிதாகக் கேட்கிறது, பயமாக இருக்கிறது.

அப்பாவுக்குக் காதுக்குள் ஓயாமல் இரைச்சல் கேட்பது உனக்குத் தெரியும், அதற்காக அம்மா வீட்டை என்ன செய்து வைத்திருக்கிறாள் என்பது தெரியாது. அப்பா வெளியே போனால்தான் மிக்சி ஓடும், நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டியிருக்கிறோம், டிவியில் படம் மட்டும்தான் ஓடும், சத்தம் கிடையாது. நீ ஃபோன் செய்தால், மெதுவாப் பேசுடி, அப்பா காதுக்கு ஆகாது என்று அம்மா அடக்குவதும் நீ திருடி மாதிரி கிசுகிசுத்துவிட்டு வைப்பதும் இதனால்தான்.

போன வாரம் அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் அப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன். காது பரிசோதிக்கிற மேடம் பொறுமையாகச் சொன்னார். இந்த இரைச்சலை அடியோடு நிறுத்துகிற மாத்திரை இன்னும் இல்லையாம். நீ ஆசையாக அனுப்புகிற மூலிகை மாத்திரையையும் பலருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அது ஒன்றும் அதிகமாகச் செய்யவில்லையாம். மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து, இரைச்சலைக் கண்டு மனம் மிரளாமல் இருக்கப் பழகுகிற பயிற்சிக்குத்தான் ஆய்வுகளில் நல்ல ஆதாரம் இருக்கிறதாம், சத்தம் குறையாவிட்டாலும் அது படுத்துகிற பாடு குறையுமாம். அப்பாவுக்குக் கேட்கும் திறனும் குறைந்திருப்பதால் காது மெஷின் வைத்துப் பார்க்கலாம், சிலருக்கு உதவும் என்றார். கடைசியில், வீட்டை மட்டும் நிசப்தமா வச்சிடாதீங்க, அமைதியில இரைச்சல் இன்னும் தூக்கலாத் தெரியும், ஏதாவது மெல்லிய சத்தம் இருக்கட்டும், அதுக்கு ஆதாரம் கொஞ்சம்தான், ஆனா நிறைய பேருக்கு ஆறுதலா இருக்கு என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

பஸ்ஸில் வரும்போது, அம்மாகிட்ட மூச்சு விடாதே, பாவம், நாற்காலிக்கெல்லாம் சாக்ஸ் மாட்டி வச்சிருக்கா, வேண்டாம்னு எப்படிம்மா சொல்றது என்றார். மாத்திரையையும் நிறுத்த மாட்டாராம், பெரியவ வருத்தப்படுவாளாம். அக்கா, வீட்டின் அமைதி தாங்காமல்தான் அவர் இரவு வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அச்சு மெஷின் சத்தத்துல இது அமுங்கிடுது, அங்கதான் நிம்மதி என்று அவரே சொன்னார். அச்சகத்தில் கொடுத்த காதுமூடியைப் போட்டால் இரைச்சல் திரும்பிவிடும் என்று அதையும் போடுவதில்லை. மெஷின் சத்தம் மிச்சமிருக்கிற காதையும் தின்றுவிடும் என்று மேடம் எச்சரித்தும், இன்றும் காதுமூடி கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது. காது சுத்தமாகப் போய்விட்டால் உன் குரல் அவருக்கு எப்படிக் கேட்கும்?

நீ ஃபோனை வைத்ததும் ஒவ்வொரு தடவையும் உன்னைச் சொல்லி, நம்ம வீட்டு ரேடியோ என்ன ரிப்பேரா, சத்தமே வரலையே என்கிறார். நாங்கள் சிரிக்கிறோம், அவர் சிரிப்பதில்லை. எனக்கும் உன் சத்தம் வேண்டும் அக்கா. என் சீப்பை எங்கடி வச்சே என்று தெருவுக்கே கேட்கும்படி திட்டுவாயே, அது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கூப்பிடு. மாத்திரையை நிறுத்தி அந்தப் பயிற்சிக்குப் போகச் சொல், காதுமூடி இல்லாமல் மெஷின் பக்கம் போகக் கூடாது என்று சண்டை போடு. எங்கேயோ படித்ததாகச் சொல்லிக்கொள், என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே.

அம்மா அப்பாவின் ஆசீர்வாதத்தை அவர்களுக்குத் தெரியாமல் நானே எடுத்து அனுப்புகிறேன். அங்கே குளிர் அதிகமாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஞாயிற்றுக்கிழமை ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அப்பா முன்னால் வைப்பேன். அம்மா அடக்கினாலும் கேட்காதே, சத்தமாகப் பேசு.

உன் சீப்பைத் தொலைத்த,
தங்கை