டைனோசருக்கு மூன்று, திமிங்கலத்துக்கு மூன்று

மே 12, திங்கள்

வெயில். காலை எட்டு மணிக்கே பெரம்பலூர் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிறது. ஜெராக்ஸ் கடையைத் திறந்தேன். நான் இல்லாத நாலு நாளும் மெஷின் நிம்மதியாக இருந்திருக்கும்போல. என்னைப் பார்த்ததும் பேப்பரைக் கடித்துக்கொண்டது.

சுற்றுலா முடிந்தது. ரெண்டு தீம் பார்க் ரிசார்ட், தலா ரெண்டு நாள், ஏழு பேர். நான், வசந்தி, மகள் பிருந்தா. அரியலூரிலிருந்து வசந்தியின் தம்பி செந்தில், அவன் மனைவி கலா, அவர்களுடைய ரெண்டு பையன்கள். போகும்போது மாமன் மச்சான். வரும்போது வரப்புத் தகராறுக்காரர்கள்.

முதல் பார்க் நான் பிடித்தது. வாசலில் சிமெண்ட் டைனோசர். இரண்டாவது செந்தில் பிடித்தது. வாசலில் வாய் பிளந்த திமிங்கலம், அந்த வாய்க்குள் நுழைந்துதான் டிக்கெட் வாங்க வேண்டும். நிஜப் பெயர்களை இங்கே எழுத மாட்டேன். விளம்பரம் வேறு நான் செய்யணுமா. இனி டை. என்றும் தி. என்றும்.

சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

டை.: கேட்டில் காவலாளி எங்கள் புளிசாதத்தைப் பிடுங்கிக்கொண்டான். ஆனால் "சார்" என்று சொல்லிப் பிடுங்கினான். அறையில் துண்டை அன்னப்பறவைபோல மடித்து வைத்திருந்தார்கள். துடைத்தால் அன்னம் ஈரத்தை எடுக்கவே இல்லை. ஏசி குளிர்ந்தது. காலை இட்லியும் குளிர்ந்தது.

தி.: புளிசாதத்தைப் பிடுங்கவில்லை, நாங்கள்தான் புத்தி வந்து கட்டவில்லை. பொங்கலில் மிளகு ஒன்றே ஒன்று. அதுவும் செந்தில் தட்டில். ஏசிக்குக் கீழே வாளி வைத்துப் படுத்தோம்.

தி.யில் சுழல் சறுக்கு. ஏகப்பட்ட படி ஏறி, மூச்சு வாங்கி, மேலே போய் நின்றால், கழுத்தில் விசில் போட்ட பெண் எடை மெஷினில் ஏறச் சொன்னாள். ஏறினேன். கீழே நிற்கிறவனுக்குக் கேட்கணுமாம். கத்தினாள்.

"அண்ணே, நூத்தி நாலு! எறக்கி வுட்டுரவா?"

வரிசையே என்னைப் பார்த்தது. கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைக்குக்கூட இப்படிக் கூவி எடை சொல்ல மாட்டார்கள். நூறைத் தாண்டினால் அனுமதி கிடையாதாம். இதைக் கீழேயே ஒரு போர்டில் எழுதி வைத்தால் என்ன, கை தேய்ந்துவிடுமா? அத்தனை படியும் இறங்கினேன், எதிரே ஏறி வந்த சின்னஞ்சிறுசுகளுக்கெல்லாம் வழி விட்டு. செந்தில் கீழே நின்று வீடியோ எடுத்தான்.

ரெண்டு இடத்திலும் ஒரே அக்கிரமங்கள்: நைலான் உடை போடாதவர்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது. எனக்கு வாடகை டிராயர். முன்பு அதைப் போட்டவர் ரொம்ப ஒல்லி. அவரைப் பற்றி இதற்கு மேல் தெரிந்துகொள்ள விருப்பமில்லை. சாயங்காலம் அஞ்சு அடித்ததும் விசில் ஊதி, மாட்டை ஓட்டுகிற மாதிரி எல்லோரையும் கரையேற்றிவிடுகிறார்கள்.

வசந்திக்கு இடுப்பு, தொடையெல்லாம் வேர்க்குரு. பவுடர் வாங்கி வரச் சொன்னாள். நாலு நாள் தண்ணீரில் கிடந்த எங்களுக்கு ஒன்றுமில்லை. நாலு நாளும் கரையில் சேலையோடு உட்கார்ந்து பை பார்த்துக்கொண்டவளுக்கு வேர்க்குரு.

"சும்மா உக்காந்ததுக்கே இப்புடியா வேர்க்கும்?" என்றேன்.

முறைத்தாள். பவுடர் வாங்க மறந்துவிட்டேன்.

மே 13, செவ்வாய்

மறுபடி வெயில். பவுடர் வாங்கியாச்சு.

குடும்ப வாட்ஸப் குரூப்பில் அரியலூர் சின்ன மாமனாரின் குரல். வசந்தியின் சித்தப்பா. "அடுத்த ஞாயித்துக்கெழம நம்ம ஆளுங்க முப்பது பேரு, ரெண்டு வேன்ல கெளம்புறோம். ரெண்டு எடத்தையும் பாத்தவங்க நீங்கதான். எது நல்லாருக்குன்னு கலந்து ஒண்ணச் சொல்லுங்க. நீங்களும் வரணும்."

கலந்து. யாரோடு? செந்திலோடு!

போன் போட்டேன்.

"மாப்ள, டைனோசர்னு சொல்லிரலாம்."

"மாமா, அது ஒரு பார்க்கா? டைனோசருக்கே வாலு ஒடைஞ்சு கம்பி தெரியுது."

"உன் திமிங்கலம் வாயத் தொறந்தா பினாயில் நாத்தம்."

"அது சுத்தம் மாமா. சில பேருக்கு சுத்தம்னாலே நாத்தமாத்தான் தெரியும்."

"எடை மெஷின் வச்சு மனுசன அசிங்கப்படுத்துறான்யா!"

"அது உங்களுக்கும் மெஷினுக்கும் உள்ள பிரச்சன. அதுக்கு முப்பது பேரு எதுக்கு டைனோசருக்குப் போவணும்?"

வைத்துவிட்டேன். அவன் சிமெண்ட் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவன். நாள் முழுக்க டிரைவர்களோடு கத்திப் பழகிய வாய். நான் கோயில் விழாப் பட்டிமன்றங்களில் மூன்றாவது பேச்சாளர். மூன்றாவது பேச்சாளர் என்றால் கூட்டம் எழுந்து போகும்போது பேசுகிறவர். என் வாய்க்கு அந்தத் தெம்பு கிடையாது.

பிருந்தா யோசனை: "ஓட்டுப் போட்டுருங்கப்பா."

நிலவரம்:
டை.: நான், பிருந்தா, செந்திலின் சின்னவன் (டைனோசர் வாலில் ஏறி உட்கார விட்டார்கள் என்பதற்காக).
தி.: செந்தில், கலா, பெரியவன்.

மூன்று, மூன்று. வசந்தி இன்னும் போடவில்லை. அவளுக்கு அந்தக் குரூப் என்றால் காலை வணக்கப் பூக்கள் வரும் இடம், அவ்வளவுதான்.

செந்தில் நான் படி இறங்கும் வீடியோவைக் குரூப்பில் போட்டிருக்கிறான். பின்னணியில் நாதஸ்வரம் சேர்த்து. சின்ன மாமனார் பதினோரு சிரிப்புப் பொம்மை. எண்ணிப் பார்த்த என்னைச் சொல்லணும்.

மே 14, புதன்

காலை. வசந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், டைனோசரா, திமிங்கலமா?

கொஞ்சம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"டைனோசர்ல நாக்காலிக்கு மேல நெழலு இருந்துச்சு. திமிங்கலத்துல இல்ல. மத்தது எனக்கென்ன தெரியும்?"

போதுமே! குரூப்பில் உடனே அடித்தேன்: "வசந்தி ஓட்டு டைனோசருக்கு. நாலுக்கு மூணு. முடிவு அறிவிக்கப்படுகிறது." கூடவே ஒரு வெடி படம்.

செந்தில்: "அக்கா வாயால சொல்லட்டும்."

நான்: "குடும்பத் தலைவர் சொன்னால் போதும்."

கலா ஒரு கும்பிடு பொம்மை போட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று தெரியவில்லை.

நாள் முழுக்கக் கடையில் விசிலடித்துக்கொண்டே வேலை. ஆதார் ஜெராக்ஸுக்கு வந்த பெரியவர், "என்ன தம்பி, வூட்டுல விசேஷமா?" என்றார். "ஜெயிச்சிட்டேங்க" என்றேன். எதில் என்று கேட்கவில்லை, நல்லவர்.

மே 15, வியாழன்

நேற்று மாலை கீழப்பழுவூரில் பட்டிமன்றம். மகிழ்ச்சி யாரால், ஆணாலா பெண்ணாலா. நான் ஆண்கள் கட்சி. எனக்கு மைக் கிடைத்தபோது பின்வரிசை நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். சுற்றுலாக் கதையை எடுத்தேன்.

"பார்க்குல ஒருத்தன், லாக்கர் வேணுமா சார்னான். வேணாம் தம்பி, வூட்டுலேருந்தே கொண்டாந்துருக்கேன், இருவத்திமூணு வருசமா ஒரு பொருளு தொலைஞ்சதில்லைன்னு கையக் காட்டினேன். அங்க எங்க வூட்டம்மா உக்காந்துருக்கு!"

கைதட்டல். அடுக்கிய நாற்காலியைத் திரும்ப விரித்தார்கள் என்றால் பாருங்கள். ஜோடித்த கதையும் இல்லை. டை. வாசலிலேயே கலா சொன்னாள், "லாக்கரு எதுக்கு அண்ணே, அதான் அண்ணி இருக்காங்களே." என் போன், வாட்ச், கலாவின் செயின், வளையல், செந்திலின் கார் சாவி, பையன்கள் செருப்பு, எல்லாம் வசந்தி மடியில். நாலு நாளும்.

முன்வரிசையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சத்தமாகக் கேட்டார்.

"அப்ப அந்தப் புள்ள தண்ணில எறங்கவே இல்லியா?"

"அவுங்களுக்குத் தண்ணின்னா பயங்க" என்றேன். மைக்கில். அதற்கும் கைதட்டினார்கள்.

வசந்திக்குத் தண்ணீர் பயம் கிடையாது. கல்யாணமான புதிதில் அவர்கள் வீட்டுக் கிணற்றில் மேலேயிருந்து குதித்துக் காட்டி, படியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "என்னங்க, சொம்பு எடுத்தாரவா?" என்று கேட்டவள். எனக்குத்தான் நீச்சல் தெரியாது.

வேர்க்கடலைக்காரம்மா மேல் பயங்கர கோபம். ஊரில் உள்ள அத்தனை பேரும் சிரிக்கும்போது இவருக்கு மட்டும் என்ன?

மே 16, வெள்ளி

மத்தியானம் திடீர் மேகம். கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்தவன், மாடியில் துணி எடுக்க ஓடினேன். கொடியில் நீல நைலான் பேண்ட், அதே நீலத்தில் முழுக்கை மேல்சட்டை. பார்க்கில் வாடகைக்கு எடுத்ததைப் பிருந்தா திருப்பித் தராமல் கொண்டுவந்துவிட்டாள் என்று நினைத்துக் கத்திக்கொண்டே கீழே வந்தேன்.

"என்னுது இல்லப்பா. அம்மாது."

"அம்மா எங்கடி தண்ணில எறங்கினா?"

"எறங்கல. சேலைக்குள்ள போட்டுருந்தாங்க. நாலு நாளும். நீங்க பாக்கலியா?"

மே மாத வெயில். நாலு நாள். சேலைக்குள் நைலான். நான் வாங்க மறந்த வேர்க்குருப் பவுடர்.

சமையலறைக்குப் போனேன். கிரைண்டரில் மாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். துணியைத் தூக்கிக் காட்டினேன்.

"இத ஏன் சொல்லல?"

"சொல்லுறதுக்கு என்ன இருக்கு. யாராச்சும் கரையேறி வந்து, நான் பாத்துக்கறேன் நீ போன்னா, சேலைய அவுத்துப் பைல வச்சிட்டு ஓடலாம்னு போட்டுருந்தேன். ஒருத்தரும் வரல."

"வாயத் தொறந்து கேக்குறதுதானே?"

"கேட்டேனே. டைனோசர்ல ரெண்டாம் நாளு. சாயங்காலம் பாத்துக்கலாம், போனு பத்திரம்னு சொல்லிட்டு நீங்க போயிட்டீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவர்கள் விசில் ஊதியது ஞாபகம் இருக்கிறது. அதை எதிர்த்துச் சண்டை போட்டதும் ஞாபகம் இருக்கிறது, எனக்கு இன்னும் பத்து நிமிஷம் வேணும் என்று.

கத்தலாம் என்று பார்த்தேன். யாரைப் பார்த்துக் கத்த? தீம் பார்க்குக்காரனையா?

"சரி, இப்ப சொல்லு. எது?"

"அதான் சொன்னேனே."

"நாக்காலி இல்லடி. தண்ணி."

கிரைண்டரை நிறுத்தினாள். "எறங்குறதுன்னா திமிங்கலம். அந்த அலை வர்ற கொளம் இருக்குல்ல. ஒரு மணியடிக்கிறான், எல்லாரும் கத்துறாங்க, அதுக்கப்பறம் அலை வருது. உக்காந்த எடத்துலேருந்து மணிச் சத்தம்தான் கேக்கும். அலை தெரியாது. செவுரு மறைக்குது."

மழை பெய்யவே இல்லை. மேகம் வந்து ஏமாற்றிவிட்டுப் போய்விட்டது.

"இதெல்லாம் குரூப்புல போட்டீங்கன்னா பாருங்க" என்றாள். "மேடைல சொன்னீங்கன்னா சோறு கெடையாது."

கீழப்பழுவூர்ப் பேச்சை யாராவது வீடியோ எடுத்து இவளுக்கும் அனுப்பிவிட்டார்களா? கேட்கத் தைரியமில்லை.

மே 17, சனி

வெயில். சொல்லவே வேண்டாம்.

குரூப்பில் அடித்தேன். அடித்து, அழித்து, அடித்து: "திருத்தம். வசந்தி ஓட்டு திமிங்கலத்துக்கு. என் ஓட்டும். அஞ்சுக்கு ரெண்டு."

ரெண்டே நிமிஷத்தில் செந்தில் போன்.

"என்ன மாமா, வெயிட்டு கொறைஞ்சிருச்சா?"

"இல்ல."

"பின்ன என்ன திடீர்னு? டைனோசரு வாலால அடிச்சிருச்சா?"

"எடம் நல்லாருக்கு மாப்ள. யோசிச்சுப் பாத்தேன்."

"நீங்களா? யோசிச்சா?" பக்கத்தில் இருக்கும் லாரிக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கிறான். எனக்கே கேட்கிறது. "எங்க மாமா தோத்துட்டாருப்பா!"

உங்கக்காவை நாலு நாள் வெயிலில் வேக வைத்தோம்டா, நீயும் நானும் சேர்ந்து, என்று தொண்டை வரை வந்துவிட்டது. முழுங்கினேன். சோறு முக்கியம். அதோடு, வெளியே சொல்லக் கூடாது என்று அவள் சொன்ன வார்த்தையும்.

"இந்தத் தடவ பை நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"நீங்க எதுக்கு மாமா? அதான் அக்கா..."

"நான் பாத்துக்கறேன்னா பாத்துக்கறேன்யா! வைய்யி போன!"

கடையில் இருந்த ரெண்டு பேர் ஜெராக்ஸ் எடுக்காமலே போய்விட்டார்கள்.

மே 24, சனி

ஒரு வாரமாக எழுதவில்லை. செந்தில் நாதஸ்வர வீடியோவை அரியலூர் முழுக்க அனுப்பிவிட்டான். நேற்று பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் என்னைப் பார்த்து, "சார், நூத்தி நாலுதானே?" என்றார். ஆமாம் என்றேன். என்ன செய்ய.

நாளை ஆறு மணிக்கு வேன். வசந்தி நீல நைலானை மடித்து மேலே வைத்திருக்கிறாள். இந்த முறை சேலை கிடையாதாம், சுடிதாராம். "சட்டுன்னு மாத்திக்கலாம்ல."

எனக்கு எடுத்து வைக்க வேண்டியவை:
குடை (தி.யில் அந்த நாற்காலிக்கு நிழல் இல்லை).
தொப்பி.
தண்ணீர் கேன்.
செயின், வளையல், போன், சாவி எல்லாம் போட ஜிப் உள்ள பை.
வேர்க்குருப் பவுடர். புதுசு. எனக்கு.